நாய்க்கும் ரூம் உண்டா? விடுதிக்காரரும் விருந்தாளியும் யோசிக்க வேண்டிய விஷயம்



நமக்கெல்லாம் வருஷத்தில் ஓய்வு என்பது சில நாட்கள்தான். விருதுநகர்ப் பக்கம் ஆடி மாதத்தில் வியாபாரம் சற்று மந்தமாக இருக்கும். அந்த நேரம் பார்த்துக் குற்றாலத்தில் சாரலும் விழும். சிவகாசிப் பட்டாசுக்காரர்களுக்குத் தீபாவளி முடிந்து கணக்கு வழக்குப் பார்த்த பிறகுதான் மூச்சு விட முடியும். அதன் பிறகு குடும்பத்தோடு குற்றாலம், கொடைக்கானல், மூணாறு என்று கிளம்புகிறோம். முன்பெல்லாம் விடுதிக்குப் போன் செய்தால் "வெந்நீர் வருமா? கார் நிறுத்த இடம் இருக்கா?" என்று இரண்டு கேள்விதான் கேட்போம். இப்போது மூன்றாவதாக ஒரு கேள்வி சேர்ந்திருக்கிறது: "நாயைக் கூட்டி வரலாமா?"

இது வணிகர் சங்க இதழில் எழுத வேண்டிய விஷயமா என்று சிலர் நினைக்கலாம். நம் உறுப்பினர்களிலும் உறவினர்களிலும் லாட்ஜ், ஹோட்டல், கல்யாண மண்டபம் நடத்துகிறவர்கள் உண்டு. இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் அவர்கள் விழிக்கிறார்கள். அதோடு, ஒரு வாடிக்கையாளரின் இஷ்டத்துக்காகப் பத்து வாடிக்கையாளரின் நிம்மதியைக் கெடுக்கலாமா என்பது கல்லாப்பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் உள்ள கேள்வி.

நம் மாவட்டமும் நாயும்

நாயை வெறுத்து நான் இதை எழுதவில்லை. நாய்க்குப் பேர்போன மாவட்டம் நம்முடையது. ராஜபாளையம் நாயும் சிப்பிப்பாறை நாயும் நம் மண்ணின் பெயரைத் தாங்கி நிற்பவை. 2005-ஆம் ஆண்டு இந்திய அஞ்சல் துறை நான்கு இந்திய நாயினங்களுக்குத் தபால் தலை வெளியிட்டது. அதில் ராஜபாளையமும் ஒன்று. 2020 ஆகஸ்டில் பிரதமர் தம் வானொலி உரையில், நம் நாட்டு நாய்களை வளர்க்கச் சொல்லி இந்த இரண்டு பெயர்களையும் குறிப்பிட்டார்.

ஆனால் அந்த நாய்களின் குணத்தையும் நாம் அறிவோம். ராஜபாளையம் நாய் காவலுக்கு என்றே வளர்க்கப்பட்டது. வீட்டு ஆளை விட்டு வேற்று ஆள் வந்தால் அதற்குப் பிடிக்காது. சிப்பிப்பாறை முயல் வேட்டைக்கு ஓடிய நாய். ஓட இடம் வேண்டும். தோட்டத்துக் காவலுக்கு இருக்கும் நாயைக் கொண்டுபோய், மணிக்கு ஒரு புது முகம் நடக்கும் லாட்ஜ் வராந்தாவில் கட்டிப் போட்டால் அது குரைக்கத்தான் செய்யும். கடிக்கவும் செய்யலாம். தான் கற்ற வேலையை அது செய்கிறது. குற்றம் அந்த இடத்துக்கு அதைக் கூட்டி வந்தவருடையது.

பக்கத்து அறையில் பார்த்தது

2023 சாரல் சமயத்தில் நாங்கள் குடும்பத்தோடு குற்றாலத்தில் ஒரு விடுதியில் மூன்று அறைகள் எடுத்துத் தங்கினோம். விடுதியின் பெயர் வேண்டாம். பக்கத்து அறைக்கு ஒரு குடும்பம் இரண்டு பெரிய நாய்களோடு வந்து இறங்கியது. மறுநாள் காலை அவர்கள் ஐந்தருவிக்குக் கிளம்பும்போது நாய்களை அறைக்குள் விட்டுப் பூட்டிவிட்டுப் போய்விட்டார்கள். மத்தியானம் இரண்டு மணி வரை அவை குரைத்தன. அதற்குப் பிறகு குரைக்கத் தெம்பில்லாமல் ஊளையிட்டன. மாலையில் திறந்து விட்டதும் இரண்டும் வராந்தாவிலேயே அசிங்கம் செய்தன. கூட வந்தவர்கள் பார்த்துக்கொண்டே தாண்டிப் போனார்கள். பினாயில் வாளியோடு வந்து சுத்தம் செய்தது ரூம் பையன்தான்.

மானேஜரிடம் சொன்னேன். "அண்ணாச்சி, ரெண்டு நாள்தானே, கொஞ்சம் பொறுத்துக்கிடுங்க. அவுக பெரிய பார்ட்டி" என்றார்.

"தம்பி, நாங்களும் ரூபா குடுத்துத்தானே தங்கியிருக்கோம்?" என்றேன். அதற்கு அவரிடம் பதில் இல்லை.

அவர்கள் காலி செய்து போனதும் மெத்தை விரிப்பை உதறி, மேலே வேறொரு விரிப்பைப் போட்டார்கள். சாயங்காலமே கைக்குழந்தையோடு ஒரு தம்பதி அந்த அறைக்கு வந்தார்கள். நேற்று அந்த மெத்தையில் நாய் படுத்திருந்தது என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. வண்டு விழுந்த பருப்பைப் புடைத்து மறுபடியும் மூட்டையில் கட்டி, புதுச் சரக்கு என்று விற்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதே விடுதியின் கீழ்த்தளத்தில் சிவகாசியிலிருந்து வந்த அச்சகக்காரர் குடும்பம் ஒன்று, ஒரு கிழட்டு நாயோடு தங்கியிருந்தது. நாய்க்கு வீட்டிலிருந்தே பாயும் தட்டும் கொண்டு வந்திருந்தார்கள். அதிகாலையில் சங்கிலி போட்டுக் காலி மனைப் பக்கம் கூட்டிப் போனார்கள். கழிவைக் காகிதத்தில் எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டார்கள். அருவிக்குப் போகும்போது யாராவது ஒருவர் மாறி மாறி நாயோடு இருந்தார்கள். அங்கே ஒரு நாய் இருந்ததே கிளம்பும் நாளில்தான் எங்களுக்குத் தெரிந்தது.

இரண்டு குடும்பமும் நாயோடு வந்தவர்கள்தான். வித்தியாசம் ஆட்களில் இருந்தது.

யார் தலையில் செலவு?

"நாய் விற்ற காசு குரைக்குமா?" என்று பழமொழி. அந்த மானேஜரும் அப்படித்தான் நினைத்திருப்பார். ஆனால் வியாபாரி கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்தக் காசு குரைக்கும். ஓர் அறைக்கு இரண்டு நாள் வாடகை வந்தது. அதற்காக எங்கள் மூன்று அறை வாடிக்கை போயிற்று. மறு வருஷம் நாங்கள் வேறு விடுதிக்குப் போனோம். மெத்தையும் வராந்தாவும் சுத்தம் செய்த கூலி தனி. நாயைக் கூட்டி வந்த சந்தோஷம் ஒருவருக்கு. செலவு முழுதும் ரூம் பையன் தலையிலும், பக்கத்து அறைக்காரர் தலையிலும், அடுத்து வந்த கைக்குழந்தை தலையிலும் விழுந்தது. லாபம் ஒருவருக்கும் நஷ்டம் இன்னொருவருக்கும் எழுதுகிற சிட்டை எந்தக் கடையிலும் நேராகாது.

அசிங்கம் கழுவினால் போய்விடும். கடி அப்படிப் போகாது. 2024 மே மாதம் சென்னை ஆயிரம்விளக்கில் ஒரு பூங்காவில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறியதை எல்லோரும் படித்தோம். அவை தெருநாய்கள் அல்ல, வளர்த்த நாய்கள். வெறிநாய்க்கடி நோய் முற்றி அறிகுறி தெரிந்துவிட்டால் உயிர் பிழைப்பது அநேகமாக இல்லை. தடுப்பூசியை உடனே போட்டுக்கொண்டால் காப்பாற்றிவிடலாம்.

சட்டமும் சும்மா இல்லை. 2024 ஜூலை முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவு, தன் வசம் உள்ள விலங்கால் பிறர் உயிருக்கோ உடலுக்கோ கெடுதல் வராமல் காக்கத் தவறியவருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. "என் நாய் ஒன்றும் செய்யாது" என்று சொல்கிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

ரயில்வே கண்ட வழி

சரி, நாயே கூடாது என்று எல்லா விடுதிகளும் கதவைச் சாத்திவிடலாமா? வீட்டில் நாயைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாதவர் என்ன செய்வார்? இதற்கு ரயில்வே இலாகா பல காலம் முன்பே ஒரு வழி கண்டுவிட்டது.

ரயிலில் நாயைக் கூட்டிப் போகலாம். ஆனால் முதல் வகுப்பில் இரண்டு படுக்கை உள்ள கூபேயோ, நான்கு படுக்கை உள்ள கேபினோ முழுவதையும் எடுத்தவர்தான் தன்னோடு வைத்துக்கொள்ளலாம். மற்றவர் நாய்க்குக் கார்டு வண்டியில் உள்ள நாய்ப்பெட்டிதான். படுக்கை வசதிப் பெட்டியிலும் இரண்டாம் வகுப்பிலும் அனுமதி இல்லை. நாய்க்குத் தனியாகக் கட்டணம் உண்டு; கழுத்துப்பட்டையும் சங்கிலியும் வேண்டும்; வழியில் சோறும் தண்ணீரும் கொடுப்பது உடையவர் பொறுப்பு. முதல் வகுப்பிலும் கூட வரும் பயணி ஆட்சேபித்தால் நாய் கார்டு வண்டிக்குப் போக வேண்டும்; கட்டிய பணம் திரும்பாது. ஆட்சேபித்தவரை யாரும் வேறு பெட்டிக்குப் போகச் சொல்வதில்லை.

இதில் ஒரு நியாயம் இருக்கிறது. நாய்க்கு இடம் உண்டு. ஆனால் இன்ன இடம். கட்டணம் உண்டு. மற்றவர் சம்மதமும் வேண்டும். இவை மூன்றும் டிக்கெட் வாங்கும்போதே தெரிந்துவிடுகின்றன.

அமெரிக்காவில் 1990-இல் வந்த உடல் ஊனமுற்றோர் சட்டத்தின்படி, பார்வையற்றவருக்கு வழிகாட்டும் பயிற்சி பெற்ற நாயை எந்த ஹோட்டலும் மறுக்க முடியாது. அதற்குத் தனிக் கட்டணமும் வாங்கக் கூடாது. அந்த நாயே ஆனாலும், உடையவர் கட்டுக்கு அடங்காமல் போனாலோ அறையில் அசிங்கம் செய்தாலோ வெளியே அனுப்பச் சொல்லலாம். கண்ணாக இருந்து உதவும் நாய்க்கே நிபந்தனை உண்டு என்றால், செல்லத்துக்கு வளர்ப்பதற்கு ஏன் இருக்கக் கூடாது?

நம் வெடியும் நாயின் காதும்

மனிதக் காதுக்குக் கேட்கும் ஒலி வினாடிக்கு 20,000 அதிர்வு வரைதான். நாய்க்கு அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலே கேட்கும். அதனால்தான் வெடிச் சத்தத்துக்கு அது கட்டிலுக்கு அடியில் போய் ஒடுங்குகிறது. தீபாவளியன்று சென்னை, பெங்களூர்க் குடும்பங்கள் சில நாயோடு மலைப்பக்கம் உள்ள விடுதிகளுக்குப் போவதற்கு இதுவே காரணம். அங்கேயும் ஒரு கூட்டம் பெட்டி நிறையப் பட்டாசோடு வந்து நள்ளிரவில் கொளுத்துகிறது. நாயைக் கட்டுப்படுத்தாதவர் ஒரு வகை என்றால், வெடியைக் கட்டுப்படுத்தாதவர் இன்னொரு வகை.

பட்டாசை நம்பிப் பிழைக்கும் ஊர்க்காரர்கள் என்பதால் நாம்தான் இதைச் சொல்ல வேண்டும். இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை சத்தம் வரும் வெடி கூடாது என்று சுப்ரீம் கோர்ட் 2005 ஜூலையிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. 2018 அக்டோபரில் வந்த உத்தரவு தீபாவளிக்கு இரண்டு மணி நேரம் என்று சுருக்கியது. பேரியம் கூடாது, சரவெடி கூடாது என்றும் சொன்னது. அதன் சுமையைச் சிவகாசியும் சாத்தூரும் வெம்பக்கோட்டையும் இன்னும் சுமக்கின்றன. அந்த வழக்கு புகையை வைத்து வந்தது. ஆனால் நேரங்கெட்ட நேரத்தில் அடுத்தவர் காதருகே கொளுத்துகிற ஒவ்வொருவரும் பட்டாசுக்கு எதிராக ஒரு சாட்சியைத் தயார் செய்கிறார்.

சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், வந்து தங்கும் பறவைகள் மிரளக் கூடாது என்று பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. யாரும் அவர்கள் மீது வழக்குப் போடவில்லை. தாமாகவே விட்டுக்கொடுத்தார்கள். தாமாக விட்டுக்கொடுத்தால் அதற்குப் பெயர் மரியாதை. கோர்ட்டு சொல்லி விட்டுக்கொடுத்தால் அதற்குப் பெயர் நஷ்டம்.

காட்டு ஓரத்தில் கூடுதல் கவனம்

நாம் போகும் இடங்கள் பெரும்பாலும் மலையும் காடும் ஒட்டியவை. செண்பகத்தோப்பு, ஐயனார் கோயில் அருவிப் பக்கம் உள்ள மலைக்காடு 1988-இல் சாம்பல் நிற அணில் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2021 முதல் அது ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்திருக்கிறது. அந்தப் பக்கம் நாயை அவிழ்த்து விடுவது பெரிய தவறு. அணிலையும் மானையும் விரட்டுவது மட்டுமல்ல, நாய் நோயையும் கொண்டு போகும்.

1994-இல் ஆப்பிரிக்காவின் செரங்கெட்டிக் காட்டில் கேனைன் டிஸ்டெம்பர் என்ற நாய் நோய் சிங்கங்களுக்குத் தொற்றி ஏறக்குறைய ஆயிரம் சிங்கங்கள் செத்தன. சுற்றுப்புறக் கிராம நாய்களிடமிருந்து வந்தது என்றார்கள். 2018-இல் குஜராத்தின் கிர் காட்டில் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் இறந்தபோதும் இதே கிருமி கண்டுபிடிக்கப்பட்டது.

நாய்க்கும் அங்கே ஆபத்து. சிறுத்தைக்கு நாய் பிரியமான இரை. கொடைக்கானலில் காட்டுமாடுகள் தெருவிலேயே நடமாடுகின்றன. ஒரு நாய் குரைத்து அது மிரண்டு பாய்ந்தால் முன்னால் நிற்கும் மனிதன் கதி என்ன? காட்டு ஓரத்து விடுதிக்காரர் இதை விருந்தாளியிடம் வாய்விட்டுச் சொல்லியே ஆக வேண்டும்.

பாட்டிலுக்குப் பத்து ரூபாய்

நீலகிரியில் காலி மதுப்பாட்டில்களைக் காட்டில் வீசி எறிந்து விலங்குகளின் கால் கிழிந்தது. எத்தனையோ போர்டு வைத்தும் கேட்கவில்லை. ஐகோர்ட் தலையிட்ட பிறகு, 2022 மே மாதம் முதல் அங்குள்ள டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் வாபஸ் கொடுத்தார்கள். வீசி எறிந்த கை திருப்பிக் கொண்டு வந்தது.

நமக்கு இது புதிதா? கோலி சோடா பாட்டிலுக்கும் எண்ணெய் டின்னுக்கும் சாக்குக்கும் டெபாசிட் வாங்கியே பழகியவர்கள் நாம். பொருள் பத்திரமாகத் திரும்பினால் பணம் திரும்பும், இல்லாவிட்டால் பிடித்துக்கொள்வோம். இதில் சண்டை இல்லை, உபதேசமும் இல்லை. நாய்க்கும் இதுவே நல்ல வழி என்பது என் கருத்து.

நாமாக ஒழுங்கு செய்துகொள்ளாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் அதே மலைதான் உதாரணம். வண்டி நெரிசல் தாங்காமல் 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரலில் நீலகிரிக்கு நாளொன்றுக்கு 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, சனி ஞாயிறில் 6,000 என்று எண்ணிக்கையும் வைத்தார்கள். அந்த ஏப்ரலில் நீலகிரி வணிகர்கள் கடையடைப்புச் செய்ய நேர்ந்தது. குற்றாலத்து அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பூவுக்குத் தடை வந்ததும் கோர்ட் உத்தரவால்தான். சிலர் செய்யும் தொந்தரவு முற்றினால் சட்டம் வரும். வந்தால் எல்லோருக்கும் சேர்த்துத்தான் வரும்.

விடுதி நடத்தும் அன்பர்களுக்குச் சில யோசனைகள்

1. நாய்க்கு அனுமதி உண்டா, இல்லையா என்பதை முன்பணம் வாங்குமுன் சொல்லிவிடுங்கள். வரவேற்பிலும் எழுதி மாட்டுங்கள். நாய் வேண்டாம் என்று நினைப்பவருக்கும் அது தெரிய வேண்டும்.

2. அனுமதிப்பதானால் கீழ்த்தளத்தில் ஒன்றிரண்டு அறைகளைத் தனியாக ஒதுக்குங்கள். கழுவக்கூடிய தரையும், ரெக்ஸின் உறை போட்ட மெத்தையும் இருக்கட்டும். அந்த அறையை மற்றவருக்குக் கொடுப்பதானால் விஷயத்தைச் சொல்லிக் கொடுங்கள்.

3. வெறிநாய்த் தடுப்பூசிச் சான்றிதழைப் பார்த்து, தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

4. சுத்தம் செய்யத் தனிக் கட்டணமும், ஒரு நாள் வாடகை அளவுக்கு டெபாசிட்டும் வாங்குங்கள். சேதம் இல்லையென்றால் டெபாசிட்டை முகம் சுளிக்காமல் திருப்பிக் கொடுங்கள். சுத்தக் கட்டணத்தில் ஒரு பங்கு அந்த வேலையைச் செய்யும் ஆளுக்குப் போகட்டும்.

5. அறைக்கு வெளியே சங்கிலியும் வாய்ப்பூட்டும் கட்டாயம். சாப்பாட்டுக் கூடத்துக்கும் சமையலறைக்கும் நாய் வரக் கூடாது; உணவு தயாராகும் இடத்தில் விலங்கு கூடாது என்பது 2011-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதிகளிலேயே உண்டு.

6. நாயை அறையில் தனியே பூட்டிவிட்டுப் போக அனுமதிக்காதீர்கள். அது நாய்க்கும் கொடுமை, பக்கத்து அறைக்கும் கொடுமை.

7. யாராவது ஆட்சேபித்தால் இடம் மாற வேண்டியவர் நாயோடு வந்தவர்தான்.

8. கடி பட்டுவிட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவி, உடனே அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். அங்கே தடுப்பூசி இலவசம். மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்து நேரத்தைக் கடத்தாதீர்கள்.

இத்தனையும் செய்ய வசதியில்லாத விடுதிக்காரர், "மன்னிக்கணும் அண்ணாச்சி, எங்களிடம் நாய்க்கு வசதி இல்லை" என்று பணிவாகச் சொல்லிவிடலாம். இல்லாத சரக்கை இல்லை என்று சொல்வதும் நாணயம்தான்.

நாயை வளர்க்கும் நம் அன்பர்களுக்கு ஒரே வார்த்தை. உங்கள் நாய் உங்களுக்குப் பிள்ளை மாதிரி என்கிறீர்கள். பிள்ளை பொது இடத்தில் அசிங்கம் செய்தால் நீங்கள்தானே கழுவுவீர்கள்? கடைச் சிப்பந்தியைக் கூப்பிட மாட்டீர்களே! நாயை வைத்துக்கொள்ளும் உரிமையும் அதன் கழிவை எடுக்கும் கடமையும் ஒரே மூட்டைச் சரக்கு. பாதியைப் பிரித்து வாங்க முடியாது.

நம் சங்கக் கூட்டத்தில் விடுதி நடத்தும் உறுப்பினர்கள் இதைப் பொருளாக வைத்துப் பேசி, எல்லோருக்கும் பொதுவான ஒரு நிபந்தனைத் தாளைத் தயார் செய்தால் நல்லது. பத்து விடுதியும் ஒரே மாதிரி சொன்னால் "அங்கே விடுகிறார்கள், இங்கே ஏன் இல்லை?" என்ற வாக்குவாதம் இராது. பேரத்தைப் பணம் வாங்குமுன் பேசிவிட வேண்டும் என்பது நம் தொழிலின் பழைய வழக்கம். விடுதி வாடகைக்கும் அது பொருந்தும்.